வறள்தோலும் யூரியாவும்

மன்னார்த் தீவும் அதற்கு எதிர்ப்பட்ட பெருநிலக் கரையும் இலங்கையின் மிக வறண்ட இரு நிலப்பரப்புகளுள் ஒன்றைச் சேர்ந்தவை. மற்றையது தென்கிழக்கில் அம்பாந்தோட்டையை ஒட்டிக் கிடப்பது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான திங்கள்களில் பெய்து தீர்ந்துவிடும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை அடிக்கும் சோளகக் காற்று மழையைக் கொணர்வது அரிது, வேகத்தைக் கொணரும். அவ்வேகத்தை நம்பியே 2020-ஆம் ஆண்டில் தீவின் தென்கரை நெடுகிலும் 30 காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையம் எழுந்தது. அதே காற்று கரையில் உழைப்போர் தோலின் நீரையும் கவர்ந்து செல்கிறது.

பேசாலையிலும் வங்காலையிலும் வலை இழுப்போரின் உள்ளங்கை, கருவாட்டுக்கு மீன் கீறி உப்பிடும் பெண்களின் விரல்கள், உப்பளப் பாத்திகளில் நிற்போரின் குதிகால், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களில் சேற்றிலும் வெயிலிலும் மாறி மாறி உழல்வோரின் முன்கால் ஆகியன முதலிற் சொரசொரக்கும். பின்னர் வெண்செதில் உதிர்க்கும். கவனியாது விட்டால் வெடிக்கும். இதற்கு மருந்துக்கடையிற் கேட்டால் யூரியா கலந்த களிம்பைக் காட்டுவர். நூறு கிராமில் ஐந்து கிராம் யூரியா உடையதும் நாற்பது கிராம் யூரியா உடையதும் ஒரே பெயரால் வழங்குகின்றன. ஆயினும் ஒன்றன் தொழில் மற்றதன் தொழிலன்று. முன்னது நீரைப் பிடித்து வைக்கும். பின்னது தோலின் புரதத்தையே நெகிழ்த்தும். இவ்வேறுபாட்டை அறியாது வாங்கும் களிம்பு பயனின்றிப் போகலாம், அல்லது புண்ணாக்கலாம்.

தோல் நீரைக் காக்கும் முறை

உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக, உடலின் பெரும்பகுதியில் தோலின் வெளிப்படலம் ஒரு மில்லிமீற்றரை நூறு கூறிட்டால் அவற்றுள் ஒன்றிரண்டு கூறளவே தடிப்புடையது. அப்படலத்தில் உயிர் நீங்கித் தட்டையான கலங்கள் ஏறத்தாழ 15 முதல் 20 அடுக்குகளாக அமைந்துள்ளன. கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவரை இதற்கு ஒப்புக் கூறுவர் தோலியலார்: கலங்கள் கல், அவற்றின் இடைவெளியை நிரப்பும் கொழுப்பியங்கள் சாந்து. அச்சாந்தில் ஏறத்தாழப் பாதி செராமைட்டு. எஞ்சியதிற் பெரும்பகுதி கொலஸ்திரோலும் கொழுப்பமிலங்களும் ஆகும்.

கலங்களின் உள்ளே கெரற்றின் என்னும் நார்ப்புரதம் நிறைந்திருக்கும். அந்நார்களுக்கு இடையே நீரை ஈர்த்து வைத்திருக்கும் சிறு பொருள்கள் பல உள்ளன. அமினோ அமிலங்கள், இலற்றிக் அமில உப்புகள், யூரியா ஆகியன அவற்றுட் சில. இத்தொகுதியில் ஏறத்தாழ 7 விழுக்காடு யூரியாவே. ஆகவே தோலிற் பூசும் யூரியா உடலுக்குப் புறம்பான பொருளன்று. குறைந்துபோனதை மீள வைப்பதாகவே அதன் முதற்பணி அமைகிறது.

நலமான வெளிப்படலம் தன் எடையில் 20 முதல் 30 விழுக்காடு வரை நீர் கொண்டிருக்கும். அது 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் கெரற்றின் விறைக்கும், தோல் வளையாது, வளைக்கும் இடத்திற் கீறும். செதில் தோன்றுவதற்கும் நீர்க்குறைவே ஏது. மூத்த கலங்களைப் பிணைத்திருக்கும் புரதத் தளைகளை நொதியங்கள் அறுத்தால்தான் அக்கலங்கள் கண்ணுக்குப் புலனாகாமல் ஒவ்வொன்றாய் உதிரும். அந்நொதியங்கள் தொழிற்பட நீர் வேண்டும். நீர் குன்றினால் தளைகள் அறாமல், பல நூறு கலங்கள் ஒன்றாய் ஒட்டிக்கொண்டு தகடு தகடாய்க் கழலும். அத்தகடே செதில்.

நாள் முழுதும் நீரில் நிற்போர்க்குத் தோல் வறள்வதேன் என்ற ஐயம் இங்கு எழும். தோல் நெடுநேரம் நனையும்போது நீரை ஈர்க்கும் சிறு பொருள்கள் கரைந்து வெளியேறுகின்றன. கரையேறிய பின் சோளகக் காற்றில் மேலிருந்த நீர் ஆவியாகும். அதைப் பிடித்துவைக்க உள்ளே ஒன்றும் எஞ்சியிராது. கடல்நீர் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. உப்பு விளையும் பாத்தியிலோ அது 260 கிராமளவுக்கு உயரும். அத்தகைய செறிநீர் தோலை உறுத்துவதோடு அதன் ஈரத்தையும் வெளியே இழுக்கும். வீடு திரும்பியபின் சுண்ணம் செறிந்த கிணற்று நீரிற் கடுஞ்சவர்க்காரம் தேய்த்துக் குளித்தால், சவர்க்காரமும் சுண்ணமும் சேர்ந்து கரையாத படிவாகித் தோலில் தங்கும். கொழுப்புச் சாந்தும் அரிக்கப்படும். ஆகவே எக்களிம்பைப் பூசுவதாயினும், உப்பை நன்னீரால் உடனே கழுவுதலும், மென்சவர்க்காரத்தை வேண்டிய இடத்துக்கு மட்டும் இடுதலும் அதற்கு முற்படச் செய்ய வேண்டியவை.

யூரியாவின் வரவு

1773-இல் பிரான்சு நாட்டு வேதியியலார் இலேர் உரூவெல் சிறுநீரிலிருந்து யூரியாவைப் பிரித்தெடுத்தார். 1828-இல் செருமானியரான பிரீடரிச் வோலர் உயிர்ப்பொருள் எதுவும் துணையாகாமல் அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டினார். உயிரியின் உடலில் உண்டாகும் பொருளை உயிரற்ற பொருள்களிலிருந்து ஆக்கவியலாது என்ற நம்பிக்கையை அவ்வாய்வு தளர்த்தியது. இன்று ஆலைகளில் அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் மிகுந்த அழுத்தத்தில் இணைத்து யூரியாவை ஆக்குகின்றனர். களிம்பிலுள்ள யூரியா விலங்கின் சிறுநீரிலிருந்து பெறப்பட்டதோ எனத் தயங்குவோர் அத்தயக்கத்தை விடலாம்.

தோல் மருத்துவத்தில் 1943-இல் இரட்னர் என்பார் கைக்களிம்பில் யூரியாவைச் சேர்த்த செய்தியை வெளியிட்டார். 1968-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் குன்னார் சுவான்பெக், பிறவியிலேயே மீன்செதில் போலத் தோல் தடிக்கும் நோய்க்கு யூரியாக் களிம்பின் பயனை விளக்கினார். அதன்பின்னரே அது உலகெங்கும் பரவியது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலும் 5 விழுக்காடு, 10 விழுக்காடு என்னும் இரு செறிவுகளில் யூரியாக் களிம்பு இடம்பெற்றுள்ளது.

சுறாவின் உடலில் யூரியா

யூரியாவின் இருவகைத் தொழிலையும் மன்னார்க் கடலின் சுறாவும் திருக்கையும் தம் உடலிலேயே கொண்டுள்ளன. எலும்புடைய மீன்களின் குருதி கடல்நீரைவிட மிகவும் நீர்த்தது; ஆகவே அவை ஓயாது நீரை இழக்கும்; இழந்ததை ஈடுசெய்யக் கடல்நீரைக் குடித்து உப்பைக் கழிக்கும். குருத்தெலும்பு மீன்களாகிய சுறாவும் திருக்கையும் வேறு வழி கண்டன. பிற உயிர்கள் கழிவென வெளியேற்றும் யூரியாவை அவை உடலுக்குள்ளேயே தேக்குகின்றன. 1858-இல் சிட்டேடலர், பிரெரிக்சு என்னும் இரு அறிஞர்கள் இதனைக் கண்டறிந்தனர். அவற்றின் உடல்நீரில் ஏறத்தாழ 2 விழுக்காடு யூரியா உண்டு. மாந்தக் குருதியில் உள்ளதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல். இதனால் உடலின் உள்ளும் புறமும் கரைபொருட் செறிவு ஏறத்தாழ ஒத்துவிட, கடல் அவற்றின் நீரைப் பறிக்க இயலாது போகிறது.

ஆயினும் யூரியா புரதங்களைக் குலைக்கும் இயல்புடையது. புரதத்தின் மடிப்புகளை நிலைநிறுத்தும் ஐதரசன் பிணைப்புகளில் அது புகுந்து நெகிழ்த்தும். சுறாவோ டிரைமெதைலமீன் ஒட்சைட்டு என்னும் இன்னொரு பொருளையும் ஆக்கி, இரு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு என்ற அளவில் சேர்த்து வைக்கிறது. அம்மாற்றுப் பொருள் புரதங்களைக் காத்து நிற்கிறது.

மாந்தத் தோலில் அத்தகைய மாற்றுப் பொருள் இல்லை. எனவே களிம்பில் யூரியாவின் செறிவு தாழ்ந்திருக்கும்வரை நீர்பிடிக்கும் தொழிலே மேலோங்கும். செறிவு ஏற ஏறக் கெரற்றினை நெகிழ்த்தும் தொழில் தலைதூக்கும். புரதங்களைக் குலைத்து ஆராயும் ஆய்வுகூடங்கள் ஒரு லீற்றரில் 480 கிராம் யூரியா கொண்ட கரைசலைக் கையாளும். நாற்பது விழுக்காட்டுக் களிம்பு அவ்வெல்லைக்கு அருகில் நிற்பது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். குறைந்த செறிவில் யூரியா வேறொரு பணியும் செய்வதை 2012-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது: தோற்கலங்களுட் புகுந்து, தடுப்புச்சுவரை ஆக்கும் புரதங்களின் மரபணுக்களையும் கிருமியெதிர்ப் பொருள்களின் மரபணுக்களையும் அது தூண்டுகிறது.

தோலுக்கேற்ற செறிவு

முதலில் தோலின் நிலையைப் பார்த்தல் வேண்டும். களிம்பின் பெயர் பிறகு.

தோல் வறண்டு இழுவிசையோடு அரிப்பும் உடையது, செதிலோ மிகுதியில்லை எனின், 5 விழுக்காடு போதும். முதியோரின் உடல் வறட்சி, கரப்பான் அடங்கியபின் எஞ்சிய வறட்சி ஆகியனவும் இவ்வகையின. கரப்பான் சிவந்து நீர்வடியும் நிலையில் யூரியா எரிச்சல் தரும். அது தணிந்த பின்னரே பூசல் நன்று. முகத்தின் தோல் மெல்லியதாதலின் அங்கு இதனினும் மிகுந்த செறிவு வேண்டா.

முன்காலிலும் முழங்கையின் கீழும் வெண்செதில் தெரிகிறது, நகத்தாற் கீறினால் வெண்கோடு விழுகிறது எனின் 10 விழுக்காடு ஏற்றது. கரைத்தொழில் செய்வோர் பெரும்பாலோர்க்குக் கைகால்களுக்கு உரிய செறிவு இதுவே. நீரையும் பிடிக்கும், ஒட்டிக்கிடக்கும் செதிலையும் மெல்லக் கழற்றும்.

குதிகால் தடித்து வெடிக்கத் தொடங்கியது, முழங்காலும் முழங்கையும் கருத்துக் கரடாயின, மேற்கையின் வெளிப்புறம் மயிர்க்கால்தோறும் முள்முள்ளாய்த் தடித்தது எனின் 20 அல்லது 25 விழுக்காடு வேண்டும். இச்செறிவை நலமான மென்தோலிற் பரப்புதல் கூடாது. தடித்த இடத்தளவிலேயே நிறுத்துதல் வேண்டும்.

30 முதல் 40 விழுக்காடு வரையானவையும் அதற்கு மேற்பட்டவையும் ஆணிக்கால், கல்லென இறுகிய தோல், பூஞ்சையால் தடித்த நகம் ஆகியவற்றை நெகிழ்த்தி நீக்குவதற்கானவை. மருத்துவர் சொற்படி குறித்த இடத்தில் குறித்த காலத்துக்கு மட்டுமே இவற்றைப் பயன்படுத்தல் வேண்டும். விழுக்காடு மிகுந்தது மிக நல்லது எனக் கருதி இதனைக் கை முழுதும் பூசுவோர்க்குத் தோல் உரிந்து எரியும்.

சில களிம்புகளில் யூரியாவோடு இலற்றிக் அமிலமோ சலிசிலிக் அமிலமோ சேர்ந்திருக்கும். இவையும் செதில் நீக்கும் பொருள்களே. அதனால் யூரியாவின் எண் சிறிதாயினும் களிம்பு முழுதும் கடுமையாகலாம். சலிசிலிக் அமிலம் தோல்வழியே உடலுள் ஏறுமாதலின், குழந்தைகளின் உடலிற் பரவலாகப் பூசலாகாது. செராமைட்டு சேர்ந்தவை சுவரின் சாந்துக்கும் துணை செய்யும். இசுட்டீரொய்ட்டு மருந்து சேர்ந்த யூரியாக் களிம்புகளும் உள்ளன. யூரியா பிற மருந்துகளைத் தோலுள் ஆழச் செலுத்தும் இயல்புடையது. ஆகவே அவற்றை மருத்துவர் எழுதித் தராமல் வாங்கலாகாது.

களிம்பின் உடலும் பெயரும்

யூரியாவை எதிற் கலந்துள்ளனர் என்பதும் பார்க்கத்தக்கது. லோசன் எனப்படும் நீர்மப்பூச்சு எளிதிற் பரவும். வியர்க்கும் பகற்பொழுதுக்கும் உடலின் அகன்ற பரப்புக்கும் உகந்தது. கிறீம் இடைநிலையது. ஒயின்மென்ற் எனப்படும் நெய்ப்பூச்சு நீரிழப்பை மிக நன்றாய்த் தடுக்கும், ஆயினும் பிசுபிசுக்கும். வலையும் கயிறும் பிடிப்போர் கையில் நெய்ப்பசை இருந்தால் பிடி வழுக்கும். அவர்கள் தொழிலுக்குப் போகுமுன் மெல்லிய கிறீமும், இரவிற் படுக்குமுன் நெய்ப்பூச்சும் கொள்ளலாம்.

பெயரைவிட உட்பொருளையே பார் என்னும் நெறியை இந்நாட்டில் நிலைநாட்ட முயன்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971-இல் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. வணிகப்பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டும் என அவர் வகுத்த கொள்கை, வளர்முக நாடுகள் பலவற்றுக்கு வழிகாட்டியது. யூரியாக் களிம்புக்கு அந்நெறி முற்றும் பொருந்தும். கடையில் யூரியாக் கிறீம் பத்து விழுக்காடு எனப் பொதுப்பெயரும் எண்ணும் சொல்லிக் கேட்டல் நலம். பெட்டியில் யூரியா என எழுதி விழுக்காடு எழுதாதது தேர்வுக்கு உதவாது. 2015-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை மருந்துகளைப் பதிவு செய்கிறது. உட்பொருட் பட்டியலும் முடிவு நாளும் இல்லாத, வெண்மை தரும் எனச் சொல்லி விற்கும் களிம்புகளை ஒதுக்குதல் நலம்.

விலையைக் கணிக்கவும் ஓர் அளவை உண்டு. சுட்டுவிரலின் நுனிமுதல் முதற்கணுவரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரைக் கிராம். ஒரு பாதத்துக்கு அதுபோல் இரண்டு வேண்டும். இரு பாதங்களுக்கும் ஒருவேளைக்கு இரண்டு கிராம் ஆக, நாளுக்கு ஒருமுறை பூசின் 60 கிராம் குழாய் ஒரு திங்களுக்குச் செல்லும். ஆகவே குழாயின் விலையை அதன் கிராமால் வகுத்து ஒப்பிட்டு வாங்குவதே சிக்கனம்.

வயலுக்கு இடும் யூரியாவைத் தண்ணீரிற் கரைத்தோ தேங்காய் எண்ணெயிற் குழைத்தோ காலிற் பூசுதல் அறவே கூடாது. உர யூரியா தோலுக்கெனத் தூய்மை செய்யப்பட்டதன்று. அதில் பையுரெட்டு முதலிய பிற பொருள்கள் கலந்திருக்கும். கரைத்தவர்க்குச் செறிவும் தெரியாது, அமிலகார நிலையும் தெரியாது.

பூசும் முறையும் பேணலும்

குளித்தபின் துண்டால் ஒற்றி, தோலில் ஈரம் சிறிது நிற்கும்போதே பூசுதல் வேண்டும். யூரியா பிடித்து வைப்பதற்கு அங்கு நீர் இருத்தல் வேண்டுமன்றோ? அதன்மேல் தேங்காய் எண்ணெயோ வாசலினோ மெல்லிதாய்த் தடவினால் நீர் ஆவியாகாது தடுக்கப்படும். எண்ணெய் தனித்து நீரைக் கொணராது; இருக்கும் நீரை மூடிக் காக்கும். ஆதலால் முதலில் யூரியா, பின்னர் எண்ணெய் என்பதே முறை.

குதிகாலாயின் வெதுவெதுப்பான நன்னீரிற் பத்து நிமையம் ஊறவைத்து, நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்து, ஒற்றி, பூசி, பஞ்சுக் காலுறை அணிந்து உறங்கலாம். விரலிடுக்குகளில் பூசலாகாது, அங்கு ஈரம் மிகுந்தால் பூஞ்சை வளரும். குருதி கசியும் வெடிப்பிற் பூசினால் கடுமையாய் எரியும். வெடிப்பை வாசலினால் மூடி ஆறவிட்டுச் சுற்றியுள்ள தடித்த தோலில் மட்டும் பூசுதல் முறை. முதன்முறை பூசுவோர் முன்கையில் ஓரங்குல இடத்தில் இட்டு ஒருநாள் பார்த்தல் நன்று. சில நொடி குறுகுறுப்பது இயல்பே. நெடுநேரம் எரிந்து சிவப்பின் கழுவிவிடல் வேண்டும்.

யூரியா நீரிற் கரைந்த நிலையில் காலப்போக்கில் அமோனியாவாய்ச் சிதையும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். உப்பிடாமல் விட்ட சுறாவும் திருக்கையும் விரைவில் மூக்கைத் துளைப்பதும் யூரியாவின் சிதைவாலேயே. அங்கு அதனைச் சிதைப்பவை நுண்ணுயிர்கள். சமையலிற் சேரும் பழப்புளியின் அமிலம் அந்நெடியை மட்டுப்படுத்தும். அவ்வாறே களிம்பு செய்வோரும் சிதைவின் விளைவைத் தணிக்க இலற்றிக் அமிலம் போன்றவற்றைச் சேர்ப்பர். மன்னாரின் தகரக்கூரை வீடுகளில் களிம்பைச் சன்னலோரத்தில் வைக்காது நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். திறந்ததும் அமோனியா நெடி எழுந்தால் அக்குழாயை எறிந்துவிடல் வேண்டும்.

களிம்பால் தீராதவை

செதில் எல்லாம் வறட்சியாலன்று. வட்டமாய் ஓரம் தடித்து அரிக்கும் படை பூஞ்சையால் வருவது. அதற்குப் பூஞ்சையெதிர் மருந்தே வேண்டும். முழங்கையிலும் தலையிலும் சிவந்த அடியின்மேல் வெள்ளிபோலச் செதில் படிவது காளாஞ்சகப்படையாகலாம்; யூரியா செதிலைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது. நிறம் வெளிறி வறண்டு, தொட்டாலும் குத்தினாலும் உணர்வு தோன்றாத தழும்பு தொழுநோயின் அறிகுறியாகலாம். நரம்பு கெட்டு வியர்வை நின்றதனால் வந்த வறட்சி அது. களிம்பு பூசிக் காலங்கடத்துவோர்க்குக் கைகால் ஊனமாகக்கூடும். காலத்தோடு கண்டால் முற்றிலும் குணமாகும் நோய் இது. மருந்தும் அரச மருத்துவமனைகளில் இலவசம்.

நீரிழிவுடையோரின் பாதம் தனிக்கவனத்துக்குரியது. நரம்பு தளர்ந்து வியர்வை குன்றுவதால் பாதம் வறளும். உணர்வு மங்குவதால் வெடிப்பின் வலி தெரியாது. புண் ஆழ்ந்த பின்னரே தெரியவரும். அவர்க்கு 10 முதல் 25 விழுக்காட்டுக் களிம்பு நல்ல துணை. ஆயினும் அலகு கொண்டு தோலைச் சீவலாகாது; நாள்தோறும் பாதத்தை நோக்குதல் வேண்டும்; புண் கண்டவுடன் மருத்துவமனையை நாடுதல் வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தோரும் பச்சிளங்குழந்தையரும் உடல் முழுதும் யூரியா பூசலாகாது. தோல்வழி ஏறும் யூரியாவை அவர் சிறுநீரகம் கழிக்க இயலாதிருக்கலாம்.

சோளகம் அடிக்கும் திங்கள்களில் கரைத்தொழில் செய்வோர் பலர்க்கு 10 விழுக்காட்டுக் கிறீம் ஒரு குழாயும் வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயுமே போதும். குதிகால் தடித்தவர்க்கு 20 அல்லது 25 விழுக்காட்டுச் சிறு குழாய் ஒன்று கூடுதலாக வேண்டும். கைகாலில் இரு கிழமையிலும் குதிகாலில் நான்கு கிழமையிலும் தெளிவான தேற்றம் இல்லையெனின், இன்னும் கடுமையான செறிவைத் தேடி வாங்குவதை விட்டு, அத்தோலை மன்னார் மாவட்டப் பொது மருத்துவமனையில் மருத்துவரிடம் காட்டுதலே தக்கது. தேறியவரும் பூசுதலை முற்றும் நிறுத்தலாகாது; காற்றும் உப்பும் வெயிலும் ஓயாதவரை, ஒருநாள் விட்டு ஒருநாளேனும் குறைந்த செறிவில் தொடர்தல் வேண்டும்.